சந்தூக் திரும்பாத மூலை

தோஹாவில் கிரேன் ஓட்டும் என் அண்ணன் மகன் ஷெபேக்கு, லாமுத் தீவிலிருந்து உன் சாச்சா ஃபமாவு சலாம் சொல்லி எழுதுவது. நீ சுகமாக இருக்க அல்லாஹ் போதுமானவன். இங்கே உன் உம்மா நலம், நான் நலம், உன் வாப்பாதான் இல்லை, அது உனக்குத் தெரியும்.

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரி எல்லாம் அலையில் மாட்டின தோணி மாதிரி ஏறி இறங்கும், சில எழுத்து பெரிசு, சில எழுத்து காகிதத்தைக் கிழித்துவிட்டது. ஐம்பது வருஷம் பாய்மரக் கயிறு இழுத்த விரலுக்குப் பேனா ரொம்ப மெலிசு. ஆனால் பார், யாரிடமும் சொல்லி எழுதவைக்கலை, முழுக்க என் கை! எழுபத்து நாலு வயசில் முதியோர் வகுப்பில் எட்டு மாசம். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்கிறேன், ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது, ஆனாலும் உன் பெயரை முதன்முதலாக எழுதி முடித்தபோது எழுந்து நின்று பார்த்தேன்.

வாப்பா அடக்கம் நல்லபடியாக நடந்தது என்று போனில் எல்லாரும் உன்னிடம் சொன்னோம். அது பொய். போனில் பொய் சொல்வது சுலபம், காற்றோடு போய்விடும். எழுதும்போது முடியவில்லை, ஒவ்வொரு எழுத்தும் நின்று என்னைப் பார்க்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கடைசியில் உன்னிடம் ஒரு அனுமதியும் கேட்பேன்.

வியாழக்கிழமை விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு உன் வாப்பா மவுத்தானார். மதியம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குக் கொண்டுபோய் உடனே அடக்கிவிடலாம் என்று முடிவு. பள்ளி எவ்வளவு தூரம், உனக்கே தெரியும், எட்டு வைத்தால் முந்நூறு. கோப்பையில் ஊற்றின காபி ஆறுவதற்குள் உன் வாப்பா போய்த் தொழுதுவிட்டுத் திரும்பி வருவார். குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி, உடலைச் சுமக்கும் சந்தூக்கில் வைத்து நாங்கள் ஆறு பேர் தோளில் தூக்கினோம். சந்தூக்கின் முன்பக்க வலது கால் என் தோளில். பின்னால் முப்பது பேர், ஒருவர் முதுகில் ஒருவர் மூக்கு, நம் சந்து அவ்வளவுதானே. பத்து எட்டு வைத்து மூலைக்கு வந்தோம். சந்தூக் திரும்பவில்லை.

அந்த மூலையைப் பழைய ஆட்கள் எப்படிக் கட்டியிருந்தார்கள் என்று நினைவிருக்கிறதா? கீழே சுவர் நேராக இருக்கும், இடுப்புக்கு மேல் தலை உயரம் வரைக்கும் மூலையைச் சீவி விட்டிருப்பார்கள். சின்ன வயசில் அந்தச் சரிவில் ஏறிச் சறுக்கி நீ முழங்கையை உடைத்துக்கொண்டாய். அது எதற்கு என்று நாம் யாரும் யோசித்ததில்லை. மையத்து திரும்புவதற்குத்தான் என்று, மையத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது. இப்போது அந்தச் சரிவு இல்லை. அங்கே நீ பணம் அனுப்பிக் கட்டின குளியலறை இருக்கிறது. போன வருஷம் கட்டினதிலிருந்து கழுதைக்காரர்கள் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அந்தச் சந்தில் அதற்குப் பிறகு யாரும் சாகவில்லை, அதனால் விஷயம் வெளியே வரவில்லை.

உடனே முப்பது பேரும் கொத்தனார் ஆகிவிட்டார்கள். ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுவரை அளந்தார். ஒருவர் "சாய்ச்சுப் பிடிங்க" என்றார். சாய்த்தோம், உள்ளே உன் வாப்பா ஒரு பக்கமாகச் சறுக்குவது என் தோளுக்குத் தெரிந்தது. "அப்ப நிமித்தி செங்குத்தா வைங்க" என்றார் இன்னொருவர். மாடி ஜன்னலிலிருந்து உன் உம்மா கத்தினாள்: "உசுரோட இருக்கும்போதே அந்த மனுசனால நேரா நிக்க முடியல, இப்ப ஏன்டா நிக்க வைக்கிறீங்க!"

சரி, கடல் பக்கமாகப் போய்ச் சுற்றி வரலாம் என்றார்கள். முப்பது பேர் அந்தச் சந்தில் திரும்ப முடியுமா? பின்னால் இருந்தவன் எல்லாம் முன்னால் ஆனான், நாங்கள் இறால் மாதிரிப் பின்பக்கமாக நடந்தோம். சந்தின் இரண்டு பக்கத்து வீட்டையும் சேர்த்து மேலே அறை கட்டியிருக்கிறதே, அதற்குக் கீழே குனிந்து போகும் இடத்துக்கு வந்தால், எதிரே பவளக்கல் சுமந்து ஒரு கழுதை.

"சுமையோட வர்றோம், வழி விடு" என்றோம்.

கழுதைக்காரன் சொன்னான்: "என் கழுதையும் சுமையோடதான் வருது. சுமைக்குத்தான் வழிங்கிற ஊர் வழக்கம் எனக்கும் தெரியும்."

"பின்னால தள்ளேன்யா அத!"

"அதுக்குப் பின்னால போகத் தெரியாது. நீங்க இப்ப நல்லாத்தானே பழகியிருக்கீங்க, நீங்க போங்க."

இந்த வழக்கு நடக்கும்போது நான் ஒரு தப்புச் செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். என் கண்ணுக்கு நேரே சுவரில் ஏதோ எழுதியிருந்தது. எட்டு மாசமாக எனக்கு இது ஒரு வியாதி, எழுத்தைக் கண்டால் விட முடியாது. அறுபது வருஷமாக அழுக்கு என்று நினைத்துக்கொண்டு கடந்துபோன சுவர்கள் எல்லாம் இப்போது என்னிடம் பேசுகின்றன, ஷெபே! வாய்விட்டு, எழுத்துக் கூட்டி, நீட்டி நீட்டிப் படித்தேன்: "இங்கே... குப்பை... கொட்டாதே. மீறினால்... அபராதம்." பின்னால் நின்ற முப்பது பேரும் நான் துஆ ஓதுகிறேன் என்று நினைத்து, கையேந்தி "ஆமீன்" என்றார்கள். உன் வாப்பாவுக்கு அந்த துஆவும் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தச் சத்தத்துக்குக் கழுதை மிரண்டு, கல் சுமையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் அதை எழுப்ப முடியவில்லை.

ஒரு பக்கம் குளியலறை, ஒரு பக்கம் கழுதை. லுஹர் பாங்கு சொல்லி முடித்து, தொழுகையும் முடிந்துவிட்டது. வெயில் சந்துக்குள் இறங்கிவிட்டது. கபனைச் சுற்றி ஈ. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். பள்ளி முந்நூறு எட்டு தூரம்தான், பாங்கு சொல்கிற மோதினார் செருமுவதுகூடக் கேட்கிறது, உன் வாப்பாவை அங்கே கொண்டுபோக முடியவில்லை. சூரியன் இறங்குவதற்குள் அடக்க முடியுமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இன்னும் ஒரே ஒரு வழி இருந்தது, அது எல்லாருக்கும் தெரியும். எதிர்வீட்டு மஹாதி. அவர் வீட்டு முன்வாசல் நம் வாசலைப் பார்க்கும், பின்வாசல் பள்ளிச் சந்தில் திறக்கும். ஆனால் நம் கூரைத் தண்ணீர் அவர் வாசலில் விழுகிறது என்று சண்டை போட்டதிலிருந்து பத்தொன்பது வருஷம் அவரும் உன் வாப்பாவும் முகம் பார்த்ததில்லை. போதாததற்கு அந்த வீட்டுக்குள்ளே நாலு பெண்பிள்ளைகள், வெளி ஆண் யாரும் உள்வாசல் தாண்டினதில்லை. கடைசியில் உன் உம்மாவே இறங்கி வந்து, சந்தைக் கடந்து, அவர் கதவைத் தட்டினாள்.

மஹாதி பாதிக் கதவைத் திறந்தார். சந்தூக்கைப் பார்த்தார்.

"பத்தொன்பது வருஷமா ஆள் விட்டுக் கூப்பிட்டேன், உள்ள வா, உக்காந்து பேசிக்கலாம்னு. வரல. இப்ப படுத்துக்கிட்டு வர்றானா?"

"இப்ப எதுத்துப் பேச மாட்டாரு" என்றாள் உன் உம்மா. "உங்களுக்கு வசதிதானே?"

அவர் வாய் கோணிக்கொண்டது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன், அழுதார். பெண்களை மாடிக்கு அனுப்பிவிட்டு இரண்டு கதவையும் திறந்தார்.

அந்த வீட்டுக்குள் நான் போனதே இல்லை. முற்றம், அதற்கப்புறம் நீளமாக ஒரு கூடம், அதற்கு ஒரு படி மேலே இன்னொரு கூடம், அதற்கும் ஒரு படி மேலே உள்ளறை. உள்ளே போகப் போக வீடு உயர்ந்துகொண்டே போகிறது, வெளிச்சம் குறைந்துகொண்டே போகிறது. சுவர் முழுக்கச் சுண்ணாம்பில் செதுக்கின சின்னச் சின்ன மாடங்கள். ஒவ்வொரு படியிலும் மஹாதி முன்னால் நின்று, "தலை குனி, இங்க உத்தரம் தாழ்வு" என்றார், எங்களுக்குச் சொன்னாரா உன் வாப்பாவுக்குச் சொன்னாரா தெரியவில்லை. பின்வாசலுக்கு வந்தால் கதவு உப்புக்காற்றில் ஊதி இறுகிப்போயிருந்தது. ஆறு பேர் தள்ளியும் அசையவில்லை. அவர் பாட்டனார் காலத்துக் கதவு, பூவும் கொடியுமாகச் செதுக்கினது, வெளியூர்க்காரர்கள் வந்து கெஞ்சியும் கொடுக்காதது. மஹாதி உள்ளே போய்க் கோடாலி கொண்டுவந்தார். நாங்கள் "வேண்டாம்" என்று சொல்வதற்குள் மூன்று வெட்டு.

பிற்பகல் அஸர் முடிந்து மையத்துக்கான ஜனாஸாத் தொழுகை நடந்தது, அந்தி மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் மண் போட்டோம். மையவாடி வரைக்கும் எனக்குப் பக்கத்துச் சந்தூக் காலை மஹாதிதான் சுமந்தார்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. மறுவாரம் பெட்டியைக் குடைந்து, குளியலறைக்குக் கொத்தனார் எழுதின காகிதத்தை எடுத்தேன். நீ அவனைக் கண்காணிக்கச் சொல்லி என்னிடம்தானே ஒப்படைத்தாய்? நான் முழுசாகப் படித்த முதல் காகிதம் அதுதான், இரண்டு நாள் ஆனது. நாலாவது வரியில் இருக்கிறது: "மூலைச் சரிவை நிரப்பி, சுவர் ஒரு முழம் வெளியே எடுக்கப்படும். வீட்டாருக்குச் சம்மதம்." கீழே பெருவிரல் ரேகை. கயிறு அறுத்த தழும்பு குறுக்கே ஓடுகிறது. என் விரல். அன்றைக்குக் கொத்தனார் வேகமாக வாசித்தான், எனக்கு எதுவும் பிடிபடவில்லை, இன்னொரு தடவை வாசி என்று கேட்க வெட்கமாக இருந்தது, தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு உன் வாப்பா வெயிலில் கிடந்தார்.

ஆகவே ஷெபே, அந்தக் குளியலறையை இடிக்க நீ அனுமதி கொடுக்க வேண்டும். மகன் கடல் தாண்டிச் சம்பாதித்துக் கட்டின சுவர், அவன் வாய்வார்த்தை இல்லாமல் தொட மாட்டோம் என்று தெருப் பெரியவர்கள் நிற்கிறார்கள். மஹாதிக்கு உடைப்பதற்கு இன்னொரு கதவு இல்லை. அந்தச் சந்திலிருந்து அடுத்து படுத்தபடி போக வேண்டிய ஆள் நான்தான், படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது. போனில் சொல்லாதே, எழுதி அனுப்பு. இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்.

உன் வேலையிலும் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். உயரத்தில் உட்கார்ந்து கீழே பார்க்காதே. உன் உம்மாவின் துஆவும் என் துஆவும் இந்தக் காகிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறது.

உன் சாச்சா
ஃபமாவு (நானே போட்ட கையெழுத்து)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், உன் உம்மா வாசித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கையில் இருந்த அகப்பையை வீசினாள், நல்லவேளை காகிதத்தில் படவில்லை. "யாரக் கேட்டு இடிக்கச் சொல்றீங்க தம்பி? உங்க மையத்து ஒரே ஒரு தடவதான் வெளிய போவும். நான் தெனம் அஞ்சு வேளத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்யணும். இந்த முட்டிய வச்சுக்கிட்டு மறுபடி அஞ்சு தடவயும் மாடிக் குளியலறைக்கு ஏறுவேனா?" என்றாள். பிறகு அகப்பையை எடுத்துக் கழுவிக்கொண்டே, "வாப்பா மவுத்துக்கு வர முடியாத புள்ள. அவன் கட்டினதுதான் வழிய மறிச்சதுன்னு அவனுக்குத் தெரியணுமா?" என்றாள். இந்தச் சத்தமெல்லாம் எதிர்வீட்டில் கேட்டிருக்கும் போல. மஹாதி சந்துக்கு வந்து நின்று சொன்னார்: "பின்வாசலுக்குப் புதுக் கதவு போடல ஃபமாவு. திரைதான் தொங்க விட்டிருக்கேன். நீ அவசரப்படாம வா."

ஆகவே இடிக்க வேண்டாம், அனுமதியும் வேண்டாம், மேலே எழுதினது எதையும் நீ படிக்காத மாதிரி இரு. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றால் இது பதினாலு நாள் உழைப்பு, மனசு வரவில்லை. வாப்பா அடக்கம் நல்லபடியாக நடந்தது. அடுத்த வாரமும் எழுதுகிறேன், அதற்கு இன்றைக்கே உட்கார வேண்டும்.