கழனித் தண்ணீர் வழக்கு

அநியாயம் இழைக்கப்பட்டவள் ரத்னா. இழைத்தவர் அவளுக்குத் தாலி கட்டிய தேசப்பன். குற்றச்சாட்டு என்னவென்றால், அவர் ஆசை ஆசையாக வாங்கி வைத்த மீன் தொட்டியில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அரிசி கழுவிய தண்ணீரை அவள் ஊற்றிவிட்டாள் என்பது. சாட்சி கிடையாது. விசாரணை கிடையாது. தீர்ப்பை மட்டும் குழாயடி வரை கேட்கிற குரலில் வாசித்தாகிவிட்டது. சொன்னவர் புருஷன், அது போதாதா?

தேசப்பன் கும்மிடிப்பூண்டியில் ஒரு திருகாணிக் கம்பெனியின் ஸ்டோர்கீப்பர். போர்மேன் வீட்டுக் கூடத்தில் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மூர்மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கி, தகர டப்பாவில் தங்கமீன்களை அடைத்து, மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார்.

"கொழம்புலயும் போட முடியாது, கையில எடுத்துக் கொஞ்சவும் முடியாது. இத்த வச்சிக்கினு இன்னா பண்றது?" என்று கேட்டாள் ரத்னா.

"பாக்கணும். பாத்துக்கினே இருந்தா மனசுக்கு நிம்மதி."

அந்த நிம்மதி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நீடித்தது. அன்றைக்குத் தொட்டியைச் சுத்தம் செய்வதென்று சபதம் எடுத்தார். தின்ற தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தறியாதவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூழாங்கல் ஒவ்வொன்றையும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார். கண்ணாடியைச் சாம்பலால் துலக்கினார். பழைய தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினார். மாலையில் தொட்டி பளிங்காக மின்னியது. இரண்டு நாள் போனதும் மோராகிவிட்டது.

மறுபடி கழுவினார். மறுபடி மோர். விடாமல் கழுவினார். இப்போது கெட்டி மோர். உள்ளே மீன் இருக்கிறதா என்பதே நம்பிக்கையைப் பொறுத்த விஷயமாகிவிட்டது.

அடுத்த போர்ஷன் துளசிராமனை அழைத்து வந்து காட்டினார். அவர் குனிந்து முகர்ந்தார். "அண்ணே, இது கழனித் தண்ணியேதான்" என்றார். மாடு வைத்திருப்பவர், கழனித் தண்ணீரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

"ரத்னா, எதுக்குடி ஊத்துன?"

"நான் எதுக்கு ஊத்தறேன்?"

"மீனு மேல பொறாமை. நான் அதுங்களையே பாத்துக்கினு கீறேன்னு."

"நீங்க என்னைப் பாக்காததுக்கு மீனு இன்னா பண்ணும்? அதுங்க வரதுக்கு முன்னயும் அதே கததான்."

துளசிராமன் இருமினார். தேசப்பனுக்கு முகம் சிவந்தது. "கற்பூரத்தை அணைச்சி சத்தியம் பண்ணு."

"நான் எதுக்குப் பண்ணணும்? பழி சொன்னது நீங்க, நிரூபிக்க வேண்டியதும் நீங்க. நான் ஆரணிக்கு, நைனா ஊட்டுக்குப் போறேன். நான் இல்லாத ஊட்ல தண்ணி தெளிஞ்சா, ஊத்துனது நான்தான்னு ஒத்துக்கறேன். தெளியலன்னா நீங்க வந்து, இதே அண்ணன் எதுர்ல, நான் ஊத்தலன்னு சொல்லணும்."

நியாயமாகத்தான் பட்டது. தேசப்பன் அவசரமாக ஒத்துக்கொண்டார்.

அவள் போனபின் முதல் காரியமாகத் தொட்டியைக் கழுவினார். கலங்கியது. போகட்டும், அவள் ஊற்றியதில் ஊறின மிச்சம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அதற்குள் வயிறு வேறொரு வழக்கைக் கொண்டுவந்தது. கிருஷ்ணாயில் அடுப்பு அவரைக் கண்டதும் புகைந்தது. சோறு ஒருநாள் களியானது, ஒருநாள் கரியானது. குழாயடியில் பெண்பிள்ளைகள் வழிவிடவே இல்லை. குடத்தை இடுப்பில் வைத்தால் வழுக்கியது, தோளில் வைத்தால் சட்டை நனைந்தது. நனைந்த சட்டையோடு டூட்டிக்கு ஓடினார். வீடு திரும்பினால் காலையில் போட்ட பாத்திரம் போட்ட இடத்திலேயே காத்திருந்தது. பெண்சாதி இல்லாத வீட்டில் பாத்திரம் தானாகத் துலங்குவதில்லை என்கிற பேருண்மை அவருக்கு அந்த வாரம்தான் புலப்பட்டது. தொட்டிக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமல் பாயில் விழுந்தார். ஏன் பிறந்தோம் என்றுகூட யோசித்தார்.

ஒருநாள் காலை பல்லில் பொடியோடு நிமிர்ந்து பார்த்தால், தொட்டி கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. மீன்கள் கொழுகொழுவென்று வந்து நின்று, இளைத்துப்போன அவரை வேடிக்கை பார்த்தன.

சாட்சிக்குத் துளசிராமனை இழுத்துக்கொண்டு, கவரப்பேட்டையில் பஸ் மாறி, அதை அடுத்திருக்கும் சின்ன ஆரணிக்குப் போய்ச் சேர்ந்தார். வாசலில் கட்டிலில் மாமனார். உள்ளே வடை வேகிற வாசனை.

"தெளிஞ்சிடுச்சி. கேளு துளசிராமனை."

"ஆமாம்மா, மீனோட முழி தெரியுது" என்றார் துளசிராமன், வடையின் திசையைப் பார்த்தபடி.

"சரி. ஊத்துனது நான்தான். ஒத்துக்கினேன்" என்றாள் ரத்னா.

இவ்வளவு சுலபமாக ஜெயித்து தேசப்பனுக்குப் பழக்கமில்லை. "போனாப் போவுது, மன்னிச்சிட்டேன். கெளம்பு, ஊட்டுக்குப் போலாம்."

"நான் வந்தா தண்ணி மறுபடி கலங்குமே."

"இனிமே ஊத்த மாட்டே இல்ல?"

"ஊத்துவேங்க. நான் ஊத்தறவதான்னு சாட்சி வச்சி நிரூபிச்சிட்டீங்க. மீனுங்க பாவம். நான் இங்கியே இருந்துடறேன்."

"அடியே, நல்ல சோறு தின்னு எத்தினி நாளாச்சு தெரியுமா?"

"அப்ப ஒண்ணு சொல்லுங்க. நான் வந்தா தண்ணி கலங்குமா, கலங்காதா?"

கலங்கும் என்றால் சோறு இல்லை. கலங்காது என்றால் வழக்கு இல்லை. தேசப்பன் துளசிராமனைப் பார்த்தார். துளசிராமன் தொழுவத்துக் கன்றுக்குட்டியைப் பார்த்தார்.

"கலங்காது."

"அப்ப ஊத்துனது?"

"நீ இல்ல."

"நைனாவுக்குக் காது மந்தம். அவருக்கும் கேக்கட்டும்."

"நீ ஊத்தல ரத்னா. நீ ஊத்தவே இல்ல."

"அப்பறம் எப்படித் தெளிஞ்சிது? தெனம் கழுவுனீங்களா?"

"எங்கேர்ந்து கழுவறது? தண்ணி புடிச்சி, சோத்த வடிச்சி, பாத்திரம் தேச்சி, டூட்டிக்கு ஓடவே பொழுது பத்தல. தீனி போட்டதோட சரி, தொட்டியில கையே வெக்கல. கழுவாம உட்டதாலதான்..." அதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் துளசிராமனே தலையாட்டிவிட்டார்.

ரத்னா உள்ளே போய், துணிப்பையோடு திரும்பி வந்தாள். தேசப்பனுக்கு உயிர் வந்தது. பையை வாங்கிக்கொள்ளக் கைநீட்டினார்.

"வரேன்" என்றாள். "ஆனா சோறு, தண்ணி, பாத்திரம் எல்லாம் நீங்களே பாத்துக்குங்க. உங்களுக்கு நேரம் கெடைச்சா மீனுங்களுக்கு ஆவாது."