அம்மாவின் கப்பு, அப்பாவின் பெயர்

எங்கப்பா ஒரு தீர்மானம் செய்தார். தான் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு இந்த வருஷம் உபதலைவர் ஆகியே தீருவது. ஷேவ் செய்துகொண்டே இதை அறிவித்தார். பாதி முகத்தில் சோப்பு. மீதி முகத்தில் உபதலைவர்.

நான் யார் குரலிலும் பேசுவேன். கான்வென்ட்டில் மதர் சுப்பீரியர் குரலில் பேசியதற்காக வகுப்புக்கு வெளியே நின்று நின்று அந்த வராந்தாவே எனக்குச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டது. ஆகவே இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அந்தந்தக் குரலிலேயே படிக்கவும். அப்பாவுக்கு மூக்கால் பேசவும். சங்கத்துச் செயலாளர் டெஸ்மண்ட் மாமாவுக்கு வாய் ஓரத்தில் சுருட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளவும். அம்மாவுக்குக் குரலை இறக்கிக்கொள்ளவும். அவள் குரலை உயர்த்த வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

பள்ளிக்கூடம் அப்பாவை வெளியே அனுப்பி எத்தனையோ வருஷம் ஆகிறது. அப்பாதான் இன்னும் வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சங்கத்து டைதான். குளிக்கும்போது பள்ளிக்கூடப் பாட்டுதான். மாதம் ஒரு கூட்டம், வருஷம் ஒரு விழா. நாங்கள் குடியிருக்கும் தண்டுப் பக்கத்தில், அதாவது கன்டோன்மென்ட்டில், மழை பெய்யாத நாள் இருக்கலாம், அப்பா தன் ஹெட்மாஸ்டரைப் பற்றிப் பேசாத நாள் இருக்காது.

உபதலைவர் பதவிக்குக் குறுக்கே ஓஸ்வால்ட் மாமா நின்றார். கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறிக் கூட்டத்துக்கு வருகிறவர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருந்தார். அதில் அவர் பெயர்.

"மணி பாக்கறவன் எல்லாம் ஓஸ்வால்டைப் பாக்கறான்!" என்று குமைந்தார் அப்பா. அந்தக் குமைச்சலில் கூட்டத்தில் எழுந்து, "நான் ஒரு வெள்ளிக் கப்பு கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு வெள்ளிக் கப்புதான் இருந்தது. அது அம்மாவுடையது.

அப்பாவின் பள்ளிக்கூடத்து மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கான்வென்ட்டில் அம்மா படித்தாள். ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து அந்தக் கப்பை வாங்கினாள். மறுவருஷம் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவிட்டார்கள். கப்பு மட்டும் கூடவே வந்தது. மாதா படத்துக்குப் பக்கத்தில் அது நிற்கும். அதில் சின்ன எழுத்தில் 'ஜோசஃபின் அருளப்பன்' என்று தாத்தா பெயரோடு இருக்கும்.

"உங்களுக்கு ஏம்மா ஒரு சங்கம் இல்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எப்படிடி இருக்கும்? உங்கப்பா அன்னிக்கும் ரெமிஜியஸ், இன்னிக்கும் ரெமிஜியஸ். தேடினா கெடைப்பார். எங்க கிளாஸ் டோரீனும் நோராவும் இப்ப எந்த ஊர்ல, எந்தப் பேர்ல இருக்காளுங்களோ. மிஸஸ் யாரோ. கடுதாசி போடணும்னாலும் யாருக்குன்னு போடறது?"

சொல்லிவிட்டு முந்தானையால் கப்பைத் துடைத்தாள். அன்றைக்கு முழுக்க நான் யார் குரலிலும் பேசவில்லை.

அந்தக் கப்பின் மேல்தான் அப்பா கண் விழுந்தது.

"ஜோசஃபின், கப்பு கறுத்துப் போச்சே. கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல பாலீஷ் போட்டுக்கிட்டு வரேன்."

"நேத்துதானேங்க துடைச்சேன்? பளபளன்னு இருக்கே."

"உனக்குக் கண்ணு சரியில்ல."

"அப்படியா? சரி, பத்திரம்."

போன கப்பு வரவில்லை. பாலீஷ்காரருக்கு ஜுரம் என்றார் அப்பா. ஜுரம் தெளிந்ததும் அவர் மாமியார் போய்விட்டாள் என்றார். அந்த அம்மாள் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருக்கலாம். ஏனென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோவில் வாசலில் டெஸ்மண்ட் மாமா நின்றுகொண்டிருந்தார்.

"மிஸஸ் ரெமிஜியஸ்! உங்க வீட்டுக்காரர் குடுத்த கப்பு இருக்கே, ஃபர்ஸ்ட் கிளாஸ்! பேரை எவ்ளோ பெரிசா வெட்டிருக்கார் பாரு மேன்!"

அப்பா டையைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். யோசிக்க அவளுக்கு அவ்வளவு நேரம் போதும்.

"எந்தப் பந்தயத்துக்கு வச்சிருக்கீங்கய்யா?"

"ஓல்டு பாய்ஸ் நூறு கஜம்."

"அடடா. பொம்பளைங்க பந்தயத்துக்குன்னு இல்ல நான் நெனைச்சேன்? மெம்பருங்க சம்சாரத்தையும் விழாவுக்குக் கூப்பிடணும்னு இவருக்கு ஆசை. சொல்லக் கூச்சப்படறார். அந்தக் கப்பு எப்படி வந்துச்சுன்னா..." அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"பொம்பளைங்களுக்குத்தான்! பொம்பளைங்களுக்கேதான்!" என்றார் அப்பா. மூக்கு, வாய், காது எல்லாவற்றாலும் சொன்னார்.

"ரெமி! என்னா ஐடியா மேன்! இத்தனை வருஷத்துல ஒருத்தனுக்கும் தோணலியே! சேலையில ஓட முடியாது, கையில கரண்டி, அதுல எலுமிச்சம்பழம்னு லெமன் ஸ்பூன் வச்சுருவோம்."

ஜட்கா வண்டியில் வீடு திரும்புகையில் அப்பா கொஞ்சம் தேறிவிட்டார். பந்தய விதிகளை அவரே எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. உரக்கச் சொல்லிப் பார்த்தார். "பழத்தைக் கீழே போட்டவர் தோற்றவர். ஜெயித்தவர் வீட்டில் கப்பு ஒரு வருஷம் இருக்கும். யாரும் ஜெயிக்காவிட்டால் கொடுத்தவர் வீட்டில் இருக்கும். எப்படி?"

"நல்லா இருக்குங்க."

"நீ ஓடப்போறியா என்ன?"

"இந்த வயசுல எனக்கெதுக்கு?"

அன்று முதல் எங்கள் வீட்டில் காப்பி தாமதமாக வந்தது. அடுப்படியிலிருந்து முன்னறைக்கு அம்மா தேர் மாதிரி அசையாமல் வருவாள். ஒரு கையில் அப்பாவின் காப்பி. மறுகையில் கரண்டி. கரண்டியில் எலுமிச்சம்பழம்.

"இது எதுக்கு?"

"ஊறுகாய் போடறேன்."

"அதை ஏன் இங்க தூக்கிக்கிட்டு வர்றே?"

"காப்பி கேட்டது நீங்கதானே?"

அப்பா பேப்பருக்குள் போய்விட்டார். நிலைப்படி தாண்டினாள், நாயைத் தாண்டினாள், நான் வேண்டுமென்றே நீட்டிய காலையும் தாண்டினாள். பழம் ஒரு தடவைகூட விழவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விழா அன்று மைதானம் முழுக்கச் சேலைகள். முதல் தடவையாக மெம்பர்கள் சம்சாரத்தோடு வந்திருந்தார்கள். மேஜைமேல் கப்பு. முன்பக்கம் அப்பாவின் பெயர், சோடா பாட்டில் உயரத்துக்கு. டெஸ்மண்ட் மாமா தகரக் குழாயில் கூவினார்: "லேடீஸ் ரேஸ்! மிஸஸ் ஓஸ்வால்ட்! மிஸஸ் மைக்கேல்ராஜ்! மிஸஸ் ஞானசேகரன்! மிஸஸ் ரெமிஜியஸ்!"

அப்பா கையிலிருந்த கேக் கீழே விழுந்தது.

விசில் சத்தத்திலேயே மிஸஸ் ஞானசேகரனின் பழம் போய்விட்டது. மீதி மூவரில் அம்மா முன்னால். நுனிநாக்கைக் கடித்துக்கொண்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேர் ஓடுகிறது! பாதி தூரத்தில் பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"ஏய், ஜோ! நாக்கைக் கடிக்கிறது பாரு! ஜோதானேடி நீ? அன்னிக்கும் நீதானேடி முன்னாடி போனே!"

அம்மா நின்றாள். திரும்பினாள். மிஸஸ் ஓஸ்வால்டை உற்றுப் பார்த்தாள்.

"டோரீன்?"

"அப்ப நான் யாருடி?" என்று மிஸஸ் மைக்கேல்ராஜ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அது நோரா.

அம்மாவை யாராவது 'ஜோ' என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. மைதானத்து நடுவில் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், முதுகில் செல்லமாகக் குத்திக்கொண்டார்கள். மூன்று பழங்களும் புல்லில் கிடந்தன. நான் ஒரு குரலை மட்டும் இன்றுவரை செய்து காட்டியதில்லை. அம்மா அப்போது சிரித்த சிரிப்பு.

விதிப்படி எல்லோரும் தோற்றார்கள். விதிப்படி கப்பு கொடுத்தவர் வீட்டுக்கே போயிற்று. பெண்களை அழைத்த பெருந்தன்மைக்காகக் கைதட்டி அப்பாவை உபதலைவர் ஆக்கினார்கள். ஓஸ்வால்ட் மாமாதான் முன்மொழிந்தார். டோரீன் மாமி பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தாள்.

"பழம் தானா விழுந்துச்சா, இல்ல நீயே கீழ போட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"கட்டிப்பிடிக்க ரெண்டு கை வேணுமேடி" என்றாள்.

இப்போது கப்பு மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவின் பெயர் சுவரைப் பார்க்கிறது. கப்பைப் பார்க்க மாதாமாதம் தங்கவயலிலிருந்து டோரீன் மாமியும் ஜோலார்பேட்டையிலிருந்து நோரா மாமியும் வருகிறார்கள். அவர்கள் விசாரித்துக் கண்டுபிடித்த இன்னும் பல மிஸஸ்களும் வருகிறார்கள். முன்னறை நிரம்பிவிடுகிறது. உபதலைவர் அடுப்படியில் சர்பத்துக்கு எலுமிச்சம்பழம் பிழிகிறார்.

போன கூட்டத்தன்று தட்டோடு வந்த அப்பா, ஆசையாகக் கேட்டார். "அடுத்த விழாவுல யாராச்சும் ஜெயிச்சு, கப்பையும் கூட்டத்தையும் அவங்க வீட்டுக்குக் கொண்டுபோயிடுவீங்கல்ல?"

அம்மா குரலை உயர்த்தவில்லை.

"வழியில்லீங்க. எல்லாரும் பழத்தைக் கீழே போடறதுன்னு இப்பதான் தீர்மானம் நிறைவேத்தினோம்."