ரெண்டு சம்பந்திக்கும் ஒரே மாதிரி நீச்சல் கடிகாரம் வாங்கிக் கொடுத்த மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இந்த இடத்தில் வழக்கமாக என் உடல்நலத்தைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும். ஆனால் தாங்கள் அன்போடு அனுப்பிய நீச்சல் கடிகாரம் என் நாடித்துடிப்பு, தூக்கம், மூச்சு எல்லாவற்றையும் நான் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்பே தங்கள் போனுக்கு அனுப்பிவிடுவதால், என் நலம் என்னைவிடத் தங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். எனவே உங்கள் அத்தையின் நலத்தை மட்டும் தெரிவிக்கிறேன். நலம். குரல் பழைய உயரத்திலேயே இருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததுமே பக்கத்திலிருந்து என் மகள் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். கடிதத்தில் குறுக்கே புகுந்து சிரிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதை மட்டுமல்ல, தங்கள் தகப்பனாருடையதையும்தான். இது நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படிக்கவும்.

முழங்கால் வலிக்கு நீச்சல்தான் மருந்து என்று டாக்டர் சொன்னதும், நான் எங்கள் தெருக்கோடிக் குளத்தில் சேர்ந்ததும், அதைக் கேட்டுத் தாங்கள் கடிகாரம் அனுப்பியதும் தாங்கள் அறிந்ததே. முதல் நாள் அதைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியபோது என் நெஞ்சு எப்படி நிமிர்ந்திருந்தது என்கிறீர்கள்! மூச்சு வாங்க வாங்க நீந்திவிட்டு மேலே வந்து பொத்தானை அமுக்கினேன். அது கீ கீ என்று கத்தி உள்ளே புகுந்திருந்த தண்ணீரைத் துப்பியது. துப்பி முடித்துவிட்டு, நான் நீந்திய தூரம் சைபர் என்று காட்டியது. பள்ளிக்கூடத்தில்கூட நான் சைபர் வாங்கியதில்லை மாப்பிள்ளை. பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் மணிக்கட்டை நீட்டி நியாயம் கேட்டேன். "சார், சுவரைத் தொட்டு, காலால உதைச்சுத் திரும்பினாத்தான் அது ஒரு நடைனு எண்ணும். நீங்க சுவருக்கு ரொம்ப முன்னாடியே கையைக் காட்டிட்டு வளைஞ்சு திரும்பிடுறீங்களே" என்றாள். "ஏம்மா, டிரைவிங் ஸ்கூல் நடத்தினவன் நான். சுவத்துல மோதாம வண்டியைத் திருப்பச் சொல்லிக் குடுத்தே என் ஆயுசு போச்சு. இப்ப வந்து மோதச் சொல்றியே" என்றேன். அவள் அதோடு விடவில்லை, தலையைத் தண்ணீருக்குள் விட்டு நீந்தச் சொன்னாள். ரோட்டைப் பார்க்காமல் எவனாவது வண்டி ஓட்டுவானா?

ஒருவழியாக மோதக் கற்றுக்கொண்டேன். கடிகாரமும் மனமிரங்கி எண்ண ஆரம்பித்தது. பத்து நடை காட்டிய அன்று அதை உங்கள் அத்தையிடம் காட்டினேன், எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் காட்டினேன், தபால்காரரிடம்கூடக் காட்டினேன். அந்தச் சந்தோஷத்தோடு சாப்பிட உட்கார்ந்தால் மணிக்கட்டில் விர்ரென்று ஒரு துடிப்பு. பார்த்தேன். தங்கள் தகப்பனாரின் சிரித்த முகம். அதற்குக் கீழே, "உங்களை முந்திவிட்டார்" என்று எழுத்து. தாங்கள் அவருக்கும் இதே கடிகாரத்தை வாங்கிக் கொடுத்ததும், என் மகள் எங்கள் இரண்டு பேரையும் அதற்குள் கோத்துவிட்டதும் எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். தங்கள் தகப்பனார் மீது எனக்குள்ள மரியாதை தாங்கள் அறியாததல்ல. அவர் டிராஃபிக் போலீஸில் இருந்த காலத்தில் என் டிரைவிங் ஸ்கூல் வண்டியை மடக்காத வாரம் இல்லை. அதைக்கூடப் பெண் பார்க்க வந்த அன்றே நான் சிரித்தமுகமாக மறந்துவிட்டேன். ஆனால் இந்த முந்துவது இருக்கிறதே, அது வேறு.

"யாருங்க அது, கையில விர்ருங்குது?" என்றாள் உங்கள் அத்தை.

"சம்பந்தி."

"என்னவாம்?"

"முந்திட்டாராம்."

"முந்திட்டாரா? அப்புறம் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு ரெண்டாந்தரம் தட்டை நீட்டுறீங்க?" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பிடித்தது சனியன். நான் காலையிலும் நீந்தினேன், சாயங்காலமும் நீந்தினேன். நீச்சல் கண்ணாடியை இறுக்கி இறுக்கிக் கண்ணைச் சுற்றி ரெண்டு வட்டம் விழுந்து, பல் டாக்டர் என்னை ஆந்தைன்னே கூப்பிட ஆரம்பிச்சிட்டார். உங்க அத்தை கரையில குடையைப் பிடிச்சிக்கிட்டு நின்னு, "காலை அடிங்க, காலை! அந்தச் சின்னப் பொண்ணு உங்களைத் தாண்டிப் போகுது பாருங்க!" என்று கத்தினாள். பயிற்சிப் பெண் வந்து, "ஆன்ட்டி, மத்தவங்கல்லாம் பயப்படுறாங்க, கொஞ்சம் உக்காருங்க" என்று கெஞ்சினாள். இவ்வளவு பாடுபட்டும் என்ன? நான் பத்து என்றால் தங்கள் தகப்பனார் நாற்பது. நான் இருபது என்றால் அவர் எழுபது. அதுவும் என்ன நீச்சல் என்று கடிகாரம் காட்டியது தெரியுமா? பட்டர்ஃப்ளை! வண்ணத்துப்பூச்சியாம்! அந்த உடம்புக்கு! (மரியாதையோடுதான் எழுதுகிறேன்.) போதாக்குறைக்குத் தங்கள் தாயார் இங்கே போன் செய்து, "சம்பந்திக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையா? ரொம்பக் கம்மியா நீந்துறாரே, மனசு கேக்கலை" என்று விசாரித்தார்கள். அன்று முழுக்க உங்கள் அத்தை பாத்திரங்களை வைக்கவில்லை, போட்டாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. இது மனுஷன் செய்கிற காரியமா? மறுநாள் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பஸ் பிடித்து, ஊரின் மறுகோடியில் அவர் போகும் குளத்துக்கே போனேன். உடை மாற்றும் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை, நான் கண்டதை அப்படியே எழுதுகிறேன். தங்கள் தகப்பனார் இடுப்பளவு தண்ணீரில் நட்ட கம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் விசில். எதிரே நாலைந்து பேர் மிதவைப் பலகையோடு காத்திருக்கிறார்கள். இவர் வலது கையை நீட்டி இந்தப் பக்கத்தை நிறுத்துகிறார், இடது கையைச் சுழற்றி அந்தப் பக்கத்தை விடுகிறார், சட்டென்று திரும்பி நின்று மறுபடி நீட்டுகிறார், மறுபடி சுழற்றுகிறார். குளத்துக்குள்ள டிராஃபிக்கை ஒழுங்கு பண்றாராம்! ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் கடிகாரம், அடடா சுவரைத் தொட்டுத் திரும்பிட்டார்னு நம்பி ஒரு நடை கூட்டிக்குது. கை ரெண்டும் சேர்ந்து தூக்கினா அது வண்ணத்துப்பூச்சி!

எனக்கு வந்ததே ஆத்திரம். தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே குளத்தில் குதித்தேன். "சம்பந்தி! இதுக்குப் பேரு நீச்சலா?" என்றேன். அவர் அசரவில்லை. விசிலை ஒரு ஊது ஊதி, "சம்பந்தி, முதல்ல நீங்க தப்பான பக்கம் வந்திருக்கீங்க" என்றார். நான் கையை வீசிப் பேச, அவர் கையை வீசிப் பதில் பேச, தண்ணீர் நாலு பக்கமும் தெறிக்க, அந்த வேகத்தில் ரெண்டு கடிகாரமும் மாற்றி மாற்றி எண்ணித் தள்ளியிருக்கின்றன. அந்தச் சமயத்தில்தான் கரையில் இருந்த அவருடைய போனில் என் மகள் கூப்பிட்டாள். கரையில் காவலுக்கு நிற்கும் குளத்துக் காப்பாளர் போனை எடுத்து, ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு எங்கள் பக்கம் நீட்டினார். "மாமா, அப்பாவும் அங்கதான் இருக்காரா? ரெண்டு பேரும் ஒரே இடத்துல, ஒரே வேகத்துல நீந்துறீங்கன்னு காட்டுது! எனக்கு அழுகையே வருது! நீங்க இவ்வளவு ஒத்துமையா இருப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லை!" குளமே கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் கையைக் கீழே போட்டுவிட்டு, "ஆமாம்மா, ஜாலியா இருக்கோம்மா" என்றோம்.

போனை வைத்ததும் தங்கள் தகப்பனார் தாழ்ந்த குரலில், "வாங்க, நிஜமாவே பாத்துடுவோம். இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி. யாரு முதல்ல தொடுறாங்களோ அவங்கதான்" என்றார். நானும் சரியென்றேன். வேறென்ன சொல்வது? காப்பாளர் கை தட்டினார், கிளம்பினோம். ஆரம்பத்தில் அவர்தான் முன்னால். உடம்பு பெரிதாயிற்றே, அவர் கிளப்பிய அலையே என்னைப் பின்னால் தள்ளியது. பாதி தாண்டியதும் நான் முந்தினேன். ஆழம் ஆரம்பிக்கிற இடத்தில் கீழே போட்டிருக்கும் நீலக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் என் வலது கெண்டைக்காலை யாரோ பிடித்து முறுக்கின மாதிரி ஒரு இழுப்பு. காலை நீட்ட முடியவில்லை, மடக்க முடியவில்லை. வாய்க்குள் தண்ணீர். மாப்பிள்ளை, சும்மா சொல்லக்கூடாது, பயந்துபோனேன். சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, அடுத்த ஊரில் இருக்கிற மாதிரியும் இருக்கிறது.

தங்கள் தகப்பனார் பக்கத்துத் தடத்தில் போய்க்கொண்டிருந்தவர். அவர் பாட்டுக்குப் போய்ச் சுவரைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. கயிற்றுக்கு அடியில் புகுந்து என் பக்கம் வந்தார், என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார், மறு கையால் விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள், தெருவில் போன வண்டிகூட நின்றிருக்கும். காப்பாளர் மிதவை வளையத்தை வீசினார். அந்த ஒரு வளையத்தை ரெண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தோம். இருமி முடித்த பிறகு பார்க்கிறேன், கரைக்கு வந்தும் அவர் அந்த வளையத்தை விடவே இல்லை.

"என்ன சம்பந்தி, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"எனக்கு ஆழம்னா பயம். இன்னிக்குத்தான் அந்த நீலக்கோட்டைத் தாண்டியிருக்கேன்" என்றார்.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"உங்களை விட்டுட்டு ஜெயிச்சு நான் யார்கிட்டப் போயி சொல்லிக்கிறது?"

ஒரே துண்டால் மாற்றி மாற்றித் தலையைத் துவட்டிக்கொண்டோம். அங்கேயே அவர் தன் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். "ரெண்டையும் ஒண்ணா அனுப்பிடுங்க. நாம சும்மா நீந்துவோம். எண்ணாம" என்றார். அதன்படி இப்போது தினமும் அவர் எனக்கு முழங்காலை மடக்காமல் காலடிக்கச் சொல்லித் தருகிறார், நான் அவருக்கு ஆழத்தில் நீந்தச் சொல்லித் தருகிறேன். கொஞ்சம் கொஞ்சமாக, கியர் மாற்றுகிற மாதிரிதான். போன வாரம் கோட்டைத் தாண்டிச் சுவரைத் தொட்டுவிட்டார். எத்தனை நேரத்தில் என்று கேட்காதீர்கள், எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. ஆகவே இரண்டு கடிகாரங்களையும் இந்தக் கடிதத்தோடு பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். தங்கள் அன்பைத் திருப்பி அனுப்புவதாக நினைக்க வேண்டாம். அன்பை வைத்துக்கொண்டு கடிகாரத்தை மட்டும்தான் அனுப்புகிறேன்.

தாங்களும் என் மகளும் நீண்ட ஆயுளோடும், வற்றாத சிரிப்போடும், காதில் தண்ணீர் புகாமலும் வாழ மனமார வாழ்த்துகிறேன். உங்கள் அத்தையும் தன் ஆசிகளைச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும் மாமனார்.

பின்குறிப்பு: பெட்டியை ஒட்டலாம் என்று திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. ரெண்டு கடிகாரமும் மாயம். உங்கள் அத்தையையும் காணோம். அதே நேரம் தங்கள் தகப்பனார் போன் செய்தார். "சம்பந்தி, உங்க வீட்டம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?" என்றார். "தெரியாதே. ஏன், உங்க வீட்டம்மாவுக்கு?" என்றேன். "நானும் தெரியாதுன்னுதான் நினைச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். காப்பாளர் அவருக்குத் தகவல் கொடுத்தாராம், இருவரும் அவருடைய குளத்துக்கு ஓடினோம். பெண்கள் நேரம் என்று வாசலிலேயே மடக்கிவிட்டார்கள். உள்ளேயிருந்து, "அது கணக்குல சேராது சம்பந்தியம்மா, நீங்க சுவரைத் தொடலை!" என்ற உங்கள் அத்தையின் குரலும், "கடிகாரத்தைப் பாத்துப் பேசுங்க!" என்ற தங்கள் தாயாரின் குரலும், ஏகப்பட்ட பேர் கை தட்டுகிற சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் இருவரும் ஈரத்தலையோடு, முகமெல்லாம் பல்லாக வந்தார்கள். இரண்டு பேருமே தான்தான் ஜெயித்ததாகச் சொல்கிறார்கள். கடிகாரத்தைக் கேட்டால் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறார்கள். எனவே மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளவும். கடிகாரம் திரும்ப வராது. எங்கள் இருவருக்கும் புதிதாக இரண்டு அனுப்பினால் உதவியாக இருக்கும். இன்னொன்று, யார் ஜெயித்தது என்று தங்கள் போனில் காட்டியிருக்கும் அல்லவா? அதைத் தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். என் காதில் மட்டும் போடுங்கள்.