தூங்கவிடாத குழந்தை

பிழை திருத்துபவர் மீண்டும் கொட்டாவி விட்டபோது, பதிப்பாசிரியர் நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"ராத்திரி தூங்கலையா?"

மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கிய முதல் வாரம் அது. "பக்கவிளைவு முன்னாடி வரும், பலன் பின்னாடிதான் வரும். விருந்தாளிக்கு முன்னாடியே மூட்டை வந்து இறங்குற மாதிரி. பயந்து நிறுத்திடாதீங்க" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை இங்கே சொல்ல இயலாது. தவம் கிடந்து பெற்ற அகராதிப் பணி. மாத்திரை விஷயம் தெரிந்தால் வேறு மேசைக்குப் போய்விடும்.

"வீட்ல கைக்குழந்தை, சார். தூங்கவே விடுறதில்ல."

வாக்கியத்தில் பிழையில்லை, வீட்டில்தான் குழந்தையில்லை. பக்கத்து மேசைக் கணக்கர் நிமிர்ந்து பார்த்தார். போன வருடம் சில வாரங்கள் ஓயாமல் கொட்டாவி விட்ட அவருக்கு இரட்டைக் குழந்தைகள். அந்தச் சாக்கு அலுவலகத்தில் செல்லுபடியானது.

பிழை திருத்துபவருக்கு நா வறண்டது. குடித்த தண்ணீர் அவரை உட்காரவிடவில்லை.

"அடிக்கடி எங்க எழுந்து போறீங்க?"

"வீட்டுக்குப் போன் பண்ண, சார். குழந்தைக்குக் காய்ச்சல்."

கை நடுங்கி, சிவப்பு மைக்கோடு வளைந்தது.

"காய்ச்சல் கூடிடுச்சு, சார்."

சனிக்கிழமை, அலுவலகமே பொம்மையோடு வீட்டு வாசலில் நின்றது.

மனைவி அவரைச் சமையலறைக்குள் இழுத்தாள். "பிள்ளை எங்கன்னு கேக்குறாங்க. மாவு டப்பாவுலேர்ந்து எடுத்துக் குடுக்கவா?"

"தூங்குதுன்னு சொல்லேன்."

"தூங்காத பிள்ளைன்னுதானே சொல்லி வச்சிருக்கீங்க!"

"அப்போ உங்கம்மா வீட்ல இருக்குன்னு சொல்லு."

சொன்னாள்.

பதிப்பாசிரியரின் புருவம் உயர்ந்தது. "காய்ச்சல்ல கிடக்குற கைக்குழந்தையை, தாயில்லாம அனுப்பினீங்களா?"

பிழை திருத்துபவருக்கு வியர்த்துக் கொட்டியது. அது மாத்திரையின் விளைவா, பொய்யின் விளைவா என்பதை அவரால் பகுத்தறிய முடியவில்லை.

"மழை வர்ற மாதிரி இருக்கு. கிளம்பலாம், சார்" என்றார் கணக்கர். வானம் பளிச்சென்றிருந்தது. ஆயினும் கையோடு எல்லோரையும் கிளப்பிவிட்டுக் கடைசி ஆளாகச் செருப்பு மாட்டினார்.

"கொஞ்ச வாரத்துல கொட்டாவி அடங்கிடும், தம்பி. அகராதியும் எங்கயும் போகாது."

நன்றியைக் காட்ட வேறு வழி தெரியாமல் பிழை திருத்துபவர் கேட்டார்: "உங்க ரெட்டைப் பிள்ளைங்க சௌக்கியமா, சார்?"

கணக்கர் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காலையில சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. ரெட்டைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?"