யானைக்கு எங்கே சிவப்பு விளக்கு?

திகன ஏற்றத்து உச்சி,
தேத்தண்ணிக் கடை வாசல்.
17.08.1936, திங்கள்.

கண்ணியத்துக்குரிய ஜமால்தீன் மாமா அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் மருமகனாக வர நிய்யத்து வைத்திருக்கும் மஹ்மூத் பணிவோடு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் லொறியும் சுகம். நீங்களும், மாமியும், மாமியின் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல். உங்கள் மகள் ரபீகாவின் சுகத்தை நான் கேட்பது முறையல்ல, அதனால் கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

இதே ஏற்றத்தின் அடியில் உங்கள் கடை இருக்க, இவன் உச்சியில் குந்திக்கொண்டு கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். "லைசன் பறிபோகப் போறவனுக்கு ஏன்ட மகள் இல்ல. கடை வாசல்ல கால் வைக்காத, சொல்ல ஏதும் ஈந்தா கடுதாசில சொல்லு" என்று போன கிழமை நீங்கள்தான் சொன்னீர்கள். பெரியவர்கள் சொல்லைத் தட்டுகிறவன் நான் இல்லை. இங்கே மேசை இல்லாததால் ஒரு பலாக்கட்டையை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வேறு விதமாக நினைத்துவிடாதீர்கள்.

அடுத்த வீட்டு றலியா மாமி வந்து உங்கள் காதில் ஓதியது பாதிதான் உண்மை. எனக்கு நாலு வழக்கு, அது மெய். ஐந்தாவது வந்தால் லைசனைப் பிடுங்குவேன் என்று நீதவான் சொன்னதும் மெய். ஆனால் குற்றம் என்னுடையதா, சட்டத்துடையதா என்று நீங்களே நியாயம் சொல்லுங்கள். வளைவில் கோர்ன் அடிக்காவிட்டால் குற்றமாம். குண்டசாலைப் பக்கம் ஒரு வளைவிலேயே ஒரு துரை வீட்டைக் கட்டி வைத்திருக்கிறார், அங்கே கோர்ன் அடித்தால் துரைசானியின் பகல் தூக்கம் கெடும், அதுவும் குற்றமாம். போகும்போது அடித்தேன், வரும்போது அடிக்கவில்லை, ஒரே நாளில் ரெண்டு வழக்கு! மறுநாள் கோர்னைத் தொடாமல் தலையை வெளியே நீட்டி வாயால் "பாம் பாம்" என்று சொல்லிக்கொண்டு போனேன். அங்கே நின்ற பொலிஸ் ரால்ஹாமி வழக்கு எழுதவில்லை, பைத்தியமா என்று மட்டும் கேட்டார். அதே நேரம் வீரையா அண்ணனின் மாட்டுக் கரத்தை வந்தது. அண்ணன் வண்டிக்குள்ளே வாயைப் பிளந்துகொண்டு நல்ல தூக்கம். ரால்ஹாமி என்ன செய்தார் தெரியுமா, அவர் எழும்பிவிடக் கூடாதென்று மாட்டை மெதுவாக ஓரத்தில் பிடித்துவிட்டார். பிறகு நான் அண்ணனைக் கேட்டதற்கு, "நான் என்ன தம்பி செய்றது, மாடு பாட்டுக்குப் போகுது, நான் பாட்டுக்குத் தூங்குறேன்" என்கிறார். எப்படி இருக்கு கதை?

மூன்றாவது வழக்கு மூங்கில். லொறிக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு இருந்ததாம். பொலிஸ் சார்ஜன் அதை நாடா பிடித்து அளக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு யானை போகுது மாமா, ஒரு முழுக் கித்துல் மரத்தைக் குறுக்கே கவ்விக்கொண்டு, றோட்டையே அடைத்துக்கொண்டு! நான் பொறுக்காமல் கேட்டேன், "மாத்தயா, அதுக்கு நம்பர் ஈக்கா? வால்ல சிவப்பு விளக்கு ஈக்கா? பிரேக் ஈக்கா?" சார்ஜன் திரும்பிப் பார்த்து, ஒதுங்கி நின்று, யானைக்கு வழி விட்டு, எனக்கு வழக்கு எழுதினார்.

நாலாவதுதான் பிரேக். சார்ஜன் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, இறக்கத்தில் திடீரென்று "நவத்தன்ன, நிப்பாட்டு!" என்று கத்தினார். நானும் மிதித்தேன். நம்ம லொறி மிதித்தால் நிற்கும் மாமா, நிற்காது என்று யாரும் சொல்ல ஏலாது, கொஞ்சம் யோசிச்சிட்டு நிக்கும், அவ்வளவுதான். அது யோசித்து முடிக்கிற நேரம் சார்ஜனின் தொப்பி வயலுக்குள் போய்விட்டது. தொப்பி நனைந்த கோபத்தை என் லைசனில் தீர்ப்பது எந்த ஊர் நியாயம்?

பிரேக்கை நம்பியா நான் ஓடுகிறேன்? லொறியை எங்கே நிறுத்தினாலும் இறங்கின உடனே பின்சில்லு உருளாமல் கட்டை வைப்பேன். பன்னிரண்டு வருஷமாக வைக்கிறேன். இப்படிப்பட்ட கவனக்காரனுக்கு இல்லாத பெண்ணை வேறு எவனுக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? நாங்கள் லொறிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். லொறி, கரத்தை, யானை மூன்றுக்கும் ஒரே சட்டம் வேண்டும். ஊரில் மதிப்புள்ள வியாபாரி நீங்கள் முதல் கையெழுத்துப் போட்டால் என் லைசனும் தப்பும், நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹும் நடக்கும். நான் ரபீகாவைத் தவிர யாரையும் நினைக்கவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடையில் பறக்கத்தும், மாமியின் முழங்காலில் தெம்பும், உங்கள் மனதில் என் மீது இரக்கமும் உண்டாக அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.

இப்படிக்கு,
கவனமுள்ள
மஹ்மூத்

பி.கு. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்து பார்த்தால் லொறியைக் காணவில்லை. மடியில் வைத்து எழுதிய பலாக்கட்டை எங்கே இருந்திருக்க வேண்டியது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடிதத்துக்கு முந்தி லொறி உங்களிடம் வந்துவிட்டது. நீங்கள் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தீர்களாம், அல்ஹம்துலில்லாஹ். கீழேயிருந்து வந்த வீரையா அண்ணன், "தம்பி, ஒங்க லொறி மொதலாளி கடைக்குள்ள கொலு இருக்குதுங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல, வெங்காய மூட்டைதான் நசுங்கிருச்சு" என்கிறார். மனுவில் கையெழுத்து இப்போதைக்கு வேண்டாம். யானையைப் பற்றி எழுதியதையும் வெட்டிவிடுங்கள், லொறியை இழுக்க அதைத்தான் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மாமா, வாசலில் கால் வைக்காதே என்றீர்கள், அல்லாஹ் அறிய நான் இன்னும் வைக்கவில்லை. லொறியை எடுக்க ஒரு காலை மட்டும் வைக்கலாமா என்று, இதைக் கொண்டுவரும் வீரையா அண்ணனிடமே சொல்லி அனுப்புங்கள்.