நாறாத பூ

பூ மலர்ந்துவிட்டது. ஆனால் நாறவில்லை. அன்று காலையில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு வந்த தலைவலி இதுதான்.

மற்றவர்கள் வீட்டில் ஏதாவது நாறினால்தான் கலவரம். இவர் வீட்டில் எல்லாமே தலைகீழ். ஜன்னலோரத் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, அந்தக் கருஞ்சிவப்பு மடலுக்குள் பாதித் தலையை விட்டு மோந்து பார்த்தார். ஈரமண் வாசனை வந்தது. தன் மீசையில் ஒட்டியிருந்த பற்பசையின் வாசனை வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"என்னங்க, உங்களுக்கு வாசனை வருதா?" என்று கட்டிலில் படுத்திருந்த மனைவி கேட்டாள்.

"வரும், வரும். நேத்து சாயங்காலம்தானே விரிஞ்சுது. அதுக்கும் கொஞ்சம் வெக்கம் இருக்காதா?"

"ரெண்டு நாள்ல வாடிரும். வெக்கப்பட்டுக்கிட்டு நிக்க அதுக்கு நேரமில்ல" என்றாள் மனைவி. பிறகு, "எனக்கும்தான்" என்றாள். அதைக் காதில் வாங்காதவர் போல மெக்கானிக் தொட்டியைத் துடைத்தார்.

அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து காலம் தள்ளியவள். வருகிறவர்கள் குனிந்து முகத்துக்கு நேராக வாயைத் திறந்து காட்டி, "இந்தப் பல்லுதாம்மா" என்பார்கள். ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை. அப்படிப்பட்டவள் சொந்தச் சந்தோஷத்துக்கென்று வளர்த்தது பிணவாடை அடிக்கும் பூச்செடி ஒன்றை. கேட்டால், "சம்பளம் வாங்கிட்டு மோந்த நாத்தம் வேற, ஆசைப்பட்டு மோக்கற நாத்தம் வேற" என்பாள்.

செடி என்று பெயர்தானே தவிர, அது வெறும் கிழங்கு. சேனைக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம். வருஷத்துக்கு ஒரு தடவை குடை மாதிரி ஒற்றை இலையை விரிக்கும். கொஞ்ச நாளில் அதையும் மடக்கிக்கொண்டு மண்ணுக்குள் தூங்கப் போய்விடும். இப்படியே பல வருஷம் ஓட்டிவிட்டது. நாற்றப்பூ அன்பர் குழு என்று ஒன்று இருந்தது. அதில் எல்லார் வீட்டிலும் பூத்தாயிற்று. இவள் வீட்டில் மட்டும் குடை. குழுவில் அவளுக்குப் பெயரே குடைக்காரி.

"போட்டோவைப் பாத்து என்னங்க பண்றது? நாத்தம் போட்டோவுல வராதே. ஒரு தடவை மூக்கு நிறைய இழுத்துரணும்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அப்புறம் நோய் வந்தது. மருந்துகள் வந்தன. கடைசியில் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குப் பிடிச்சதைச் செஞ்சு கொடுங்க" என்று சொல்லி, மெக்கானிக்கின் தோளில் கை வைத்தார். டாக்டர் தோளில் கை வைத்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மாதம் பார்த்துத்தான் கிழங்கு இலைக்குப் பதிலாக மொட்டு விட்டது. சாமி கும்பிடும் பழக்கமே இல்லாத மெக்கானிக், தொட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இப்போதெல்லாம் அவள் எதற்கும் குறை சொல்வதில்லை. முந்தின நாள் அவர் போட்டுக் கொடுத்த டீயை, "நல்லாருக்கு" என்று சொல்லிக் குடித்து முடித்தாள். பாத்திரத்தில் மிஞ்சியதைத் தான் குடித்தபோதுதான் பால் அடிப்பிடித்திருந்தது அவருக்குத் தெரிந்தது. டீ சரியில்லை என்றால் தம்ளரை நகர்த்திவைத்துவிட்டு ஒரு பிரசங்கமே நடத்தக்கூடியவள் அவள். திட்டுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டார். இந்தப் பூ நாறாமல் போனால் தன்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

கொல்லைப்பக்கம் போய், குழுவின் தலைவிக்கு போன் செய்தார்.

"மேடம், பூ விரிஞ்சிருக்கு. நாத்தம் மட்டும் வரல."

"ரூம்ல ஏ.சி. போட்டிருக்கீங்களா?"

"ஆமா. அவளுக்கு உடம்பெல்லாம் எரியுது. நானே மாட்டின ஏ.சி. மேடம். ரூமு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும்." சொல்லும்போதே அவர் குரலில் தொழில் பெருமை எட்டிப் பார்த்தது.

"அங்கதான் தப்புப் பண்ணிட்டீங்க. இந்தப் பூ தன் உடம்பைச் சூடாக்கித்தான் நாத்தத்தை வெளிய விடும். நீங்க அதை ஃபிரிட்ஜுல வெச்ச மாதிரி வெச்சிருக்கீங்க. அப்புறம் எப்படி நாறும்?"

கெட்டுப்போகாமல் காப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர் அவர். அந்தத் தொழிலே இப்போது காலை வாரிவிட்டது.

ஏ.சி.யை நிறுத்தினார். பூவில் ஒரு மாற்றமும் இல்லை. மனைவிக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. போர்வையை உதறினாள், தலையணையைப் புரட்டினாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. திரும்பவும் போட்டார்.

பூவை மட்டும் சூடாக்கினால் என்ன என்று அடுத்த யோசனை. தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து பூவின் நடுவில் நிமிர்ந்து நின்ற தண்டின் மேல் காற்றைப் பாய்ச்சினார். தண்டு சற்று நேரம் யோசித்தது. பிறகு, பாடம் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்ட மாணவனைப் போல ஒரு பக்கம் தலையைச் சாய்த்தது.

"என்னங்க பண்றீங்க அங்க?"

"தூசி தட்டுறேன்" என்றார் மெக்கானிக். சாய்ந்த தண்டுக்கு ஒரு குச்சியை முட்டுக்கொடுத்தார். ரெண்டு நாள் ஆயுசில் பாதியைத் தானே தின்றுவிட்டோம் என்று அவருக்கு அழுகை வந்தது.

"நர்ஸ் எப்ப வரும்?" என்று மனைவி கேட்டாள்.

"வர்ற நேரம்தான். வலிக்குதா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அழுகையோடு அழுகையாக அவருக்கு அந்த ஃபிரிட்ஜின் ஞாபகம் வந்தது. யாரோ ஒரு குடும்பம் ஃபிரிட்ஜ் நிறைய ஆட்டுக்கறியை வைத்துவிட்டு வெளியூர் போயிருந்தது. அவர்கள் திரும்புவதற்குள் ஃபிரிட்ஜ் உயிரை விட்டிருந்தது. "உள்ள இருக்கறதோட அப்படியே எடுத்துட்டுப் போயிருங்க சார்" என்று வீட்டுக்காரர் கெஞ்சிய அந்த ஃபிரிட்ஜ், இப்போது கொல்லையில் அவருடைய பட்டறையில் கயிறு கட்டி நின்றது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போய் அதைத் திறந்தார். அவர் தொழிலில் பார்க்காத நாற்றமில்லை. இருந்தும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று.

உள்ளங்கை அளவு கறித்துண்டை எடுத்துப் பழைய துணியில் முடிந்து, தொட்டியின் பின்பக்கம் மடலுக்கு அடியில் செருகினார். பிறகு கட்டிலின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவளே முதலில் கண்டுபிடிக்கட்டும், அந்தச் சந்தோஷத்தைத் தான் பறிக்கக்கூடாது என்று முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டார்.

நாற்றம் எழுந்தது. நடந்து வந்தது. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. மெக்கானிக்கின் கண்ணில் நீர் முட்டியது. மனைவியோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்தாள்.

பல் கிளினிக் பழக்கம்! முகத்தில் காட்டமாட்டாளே! இதை யோசிக்காமல் போனோமே என்று மெக்கானிக் தவித்தார். அந்த நேரத்தில் நர்ஸ் உள்ளே வந்தது. ஒல்லியான, அதிகம் பேசாத பெண். வாசலைத் தாண்டியதும் நின்றது. தொட்டியைப் பார்த்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு தடவை இருமியது.

"அய்யய்யோ!" என்று மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க இது! வந்துருச்சுங்க! இப்படியுமா நாறும்!" அவள் கண்ணெல்லாம் சிரிப்பு. கழுத்து நரம்பு புடைக்க மூச்சை இழுத்தாள். "செத்த எலி மாதிரி... அழுகின முட்டை மாதிரி... நீங்களும் இழுங்க!"

மெக்கானிக் இழுத்தார். அழுதார். நாற்றத்தினால் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது வசதியாக இருந்தது. அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஆயுசு முழுக்கக் கறியை அழுகவிட்டாலும் தகும் என்று நினைத்தார்.

அதோடு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் போனை எடுத்துத் தலைவியைக் கூப்பிட்டாள். "மேடம், குடைக்காரி பேசறேன். நாறிருச்சு! எல்லாரையும் கூட்டிட்டு சாயங்காலம் வந்துருங்க."

மெக்கானிக் இதை எதிர்பார்க்கவில்லை. வரப்போகிறவர்கள் சாதாரண மூக்குக்காரர்கள் இல்லை. ஒரு முகர்வில் பூவின் வயசைச் சொல்லக்கூடியவர்கள். நாற்றத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கலாமென்று ரோஜா வாசனை ஸ்பிரேயை வீடு முழுக்க அடித்தார். ரோஜாவும் அழுகிய கறியும் கலந்ததும், வீட்டில் பிணத்துக்கு மாலை போட்டு வைத்த மணம் வந்துவிட்டது.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மேல் வீட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். மெக்கானிக்கின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"எப்ப சார் ஆச்சு?"

"என்ன ஆச்சு?"

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இத்தனை நேரம் தனியா வெச்சுக்கிட்டு... நல்ல மனுஷி சார். எப்பப் பாத்தாலும் சிரிச்ச முகம்." ஏஜெண்டுக்குக் குரல் உடைந்து, நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது.

"யாருங்க அது? உள்ள வரச் சொல்லுங்க" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஏஜெண்ட் மெக்கானிக்கின் கையை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். மெல்ல அழைத்துப்போய்க் கட்டிலருகே உட்காரவைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"எனக்காகவா அழுதீங்க?" என்றாள் மனைவி. "பரவாயில்ல. யார் யார் அழுவாங்கன்னு நமக்குத் தெரியாமலே போயிருது. நீங்க அழுவீங்கன்னு இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன்."

ஏஜெண்ட் தலையைக் குனிந்துகொண்டார். கைக்குட்டையை எடுத்தார். கண்ணைத் துடைக்கிறாரா, மூக்கைப் பொத்துகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் குழு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் நுழைவது போல நுழைந்தார்கள். வரிசையாகக் குனிந்து கண்ணை மூடி முகர்ந்தார்கள்.

"மீன் வாடை தூக்கலா இருக்கு" என்றார் ஒருவர்.

"இல்ல சார், இது சுத்தமான ஆட்டுக்கறி" என்றார் இன்னொருவர். மெக்கானிக் கொல்லைப் பக்கம் பார்த்தார்.

"கடைசியில லேசா ரோஜா வருதே, யாருக்காவது தெரியுதா?"

"ஆமா! இது புது வகையா இருக்குமோ?"

தலைவி கடைசியாக வந்தார். பெரிய கண்ணாடி போட்ட, கறாரான பெண்மணி. குனிந்தார். சாய்ந்த தண்டைப் பார்த்தார். முட்டுக்கொடுத்த குச்சியைப் பார்த்தார். மடலை விரலால் விலக்கி அடியில் பார்த்தார். அங்கிருந்து கொழுத்த ஈ ஒன்று கிளம்பிப் போனது. தலைவி நிமிர்ந்து மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் கையிரண்டையும் பிசைந்துகொண்டு நின்றார். கண்ணாலேயே கெஞ்சினார்.

தலைவி கட்டில் பக்கம் திரும்பினார்.

"குடைக்காரி," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் எத்தனையோ பூ பாத்துட்டேன். இப்படி ஒரு நாத்தத்தை என் ஆயுசுல மோந்ததில்ல. இனிமே உன்னைக் குடைக்காரின்னு யாரும் கூப்பிடக்கூடாது."

எல்லாரும் கை தட்டினார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நடுவில் அவள், எல்லாரையும்விட அழுத்தமாக மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். கடைசி நாட்களில் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அந்த நாற்றத்தைப் பற்றித்தான் பேசினாள். ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்குக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகவும், ஒரு பக்கம் முள் குத்துவது போலவும் இருந்தது. மேல் வீட்டு ஏஜெண்ட் வந்தார்; இந்தத் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து, மருந்து பாட்டில் தொங்கவிட்ட ஸ்டாண்டைத் திருப்பி எடுத்துப்போக நர்ஸ் வந்தது. அறையில் ஏ.சி. ஓடவில்லை. தொட்டியில் வெறும் மண். மெக்கானிக் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெகுநாளாக யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

"உன்கிட்டயாவது சொல்லிடறேம்மா. அந்தப் பூ நாறவே இல்ல. நான்தான் அழுகின கறியை உள்ள வெச்சேன். இத்தனை வருஷத்துல அவகிட்ட நான் ஒரு பொய் சொன்னதில்ல. சாகப்போற நேரத்துல ஏமாத்திட்டேன். எவ்வளவு நம்பி மூக்கைப் பிடிச்சா, பாத்தியா?"

நர்ஸ் ஸ்டாண்டை மடக்குவதை நிறுத்தியது.

"சார், மருந்து ஆரம்பிச்ச நாள்லேருந்தே அம்மாவுக்கு எந்த வாசனையும் தெரியாது, 'பாவம், அவரு ரொம்ப ஆசையா இருக்காரு, நாத்தம் வந்ததும் நீ ரெண்டு தடவ இருமிக் காட்டு, நான் மூக்கைப் பிடிச்சுக்கறேன்'னு என்கிட்ட சொல்லி வெச்சிருந்தாங்க."