கப் ஐஸ் சாமி

என் ஞானப் பல்லைப் பிடுங்கிய மறுநாள்தான் எனக்கு ஞானம் பிறந்துவிட்டதாகக் குருவிநத்தம் முழுக்கப் பேச்சு. வாசலில் செருப்புகள் குவிந்தன. பாகூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நான் தலையைச் சுற்றித் துண்டு கட்டி, ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கி, கண்ணில் நீர் வழிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அது கருணைக் கண்ணீராம். மாத்திரையின் வேகம் குறைந்தால் அந்தக் கருணை யாருக்கும் வரும்.

நான் அரிகரன். கரும்பு பயிரிடுகிறவன். சாமியாவதற்கு வேறு தகுதி எதுவும் கிடையாது.

புதுச்சேரியில் பல்லைப் பிடுங்கிய டாக்டர், "ஒரு மணி நேரம் பஞ்சைக் கடிச்சிக்கினு இருங்க, ரொம்பப் பேசாதீங்க" என்றார். ரத்தத்துக்குப் பயந்து நான் பஞ்சை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டு, அடியோடு ஊமையாகிவிட்டேன். மனைவி மஞ்சுளா திருக்கனூரில் தங்கை மகளின் சடங்குக்குப் போயிருந்தாள். எனக்குத் துணையாக அவள் தம்பி தெய்வசிகாமணியை அனுப்பியிருந்தாள். நிலத் தரகன். வாயில்லாத நிலத்தையே பேச வைத்து விற்பவன். வாயில்லாத மாமனை விடுவானா?

பக்கத்து வீட்டுக் கமலவேணி வந்து, "எங்க கிடேரியப் பாத்தியா?" என்று கேட்டதுதான் ஆரம்பம். வலி தாங்காமல், 'போம்மா' என்று கையை வீசினேன். கை ஆற்றுப் பக்கம் நீண்டது. கிடேரி ஆற்றங்கரையில் கிடைத்தது. எங்கள் ஊரில் காணாமல் போகிற மாடெல்லாம் அங்கேதான் மேயும். அதை யாரும் யோசிக்கவில்லை.

"மாமா மௌனத்துல இருக்குறாரு. சைகைக்கு நான் அர்த்தம் சொல்றேன்" என்று தெய்வசிகாமணி வாசலில் காணிக்கைத் தட்டு வைத்தான்.

முறுக்கும் அதிரசமும் வந்தன. கடிக்க முடியாமல் தள்ளினேன். "சாமி பலகாரம் தொடாது" என்று சொல்லி, அவனே தின்றான். ஐஸ் வைத்தால் வீக்கம் வடியும் என்பதால் கப் ஐஸைக் கண்டதும் கை தானாக நீண்டது. அன்றிலிருந்து கப் ஐஸ் சாமியானேன். தடுத்திருக்கலாம். ஆனால் காலில் விழுகிறவர்களைப் பார்க்கப் பார்க்க வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

தையலம்மாள் நொண்டிக்கொண்டே வந்தாள். சர்க்கரை நோய். காலில் புண். சீக்கிரம் ஆஸ்பத்திரியில் சேராவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"சாமி, கத்தி வெக்கிறாங்களாம். போவட்டா, வாணாமா?"

அந்த நேரம் பார்த்துத் தாடை சுரீரென்றது. தலையைப் பலமாக உதறினேன்.

"வாணாம்னுட்டாரு!" என்றான் மைத்துனன்.

அவள் கும்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனாள். கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். கையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மஞ்சுளா வந்து இறங்கினாள். செருப்புகளைப் பார்த்துப் பதறி, "யாருக்கு இன்னா ஆச்சி?" என்றாள். விஷயம் தெரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பல் பிடுங்கியபோதுகூட அப்படி வலிக்கவில்லை.

"டேய் தம்பி, நீ கொஞ்சம் வெளிய நில்லு. நானும் சாமிகிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவன் வெளியே போனதும் என் காதில் மட்டும் ஏதோ கேட்டாள். நான் இரண்டு விரலைக் காட்டி, வயிற்றைத் தடவினேன். பிறகு அவனை உள்ளே கூப்பிட்டாள்.

"சாமி ரெண்டு வெரலக் காட்டி வயித்தத் தடவுச்சி. அர்த்தம் சொல்லு பாப்போம்."

தெய்வசிகாமணி கண்ணை மூடித் திறந்தான். "இந்தக் கூட்டத்துல ஒருத்தி வயித்துல ரெட்டப் புள்ள இருக்குது!"

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"நான் கேட்டது, கஞ்சி எவ்ளோ வேணும்னு. ரெண்டு தம்ளர் கேட்டாரு இந்த மனுசன். பல்லு புடுங்கிக்கினு வந்து உக்காந்திருக்குறாரு, அவுரப் போயி கும்புடுறீங்களே!"

கூட்டம் என்னைப் பார்த்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கும் யாரோ, "அடக்கத்துல சொல்றாரு" என்றார். அப்போதுதான் நொண்டிக்கொண்டு போன தையலம்மாள் நினைவுக்கு வந்தாள். பஞ்சைத் துப்பிவிட்டுக் கத்தினேன்: "தையலம்மா காலு!"

நாங்கள் அவள் வீட்டுக்கு ஓடியபோது அவள் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தாள். கால் கறுத்திருந்தது. மகன் முத்துக்குமரன் அழுதுகொண்டிருந்தான்.

"சாமியே வாணாம்னுட்ட பொறவு நான் வரமாட்டேன்" என்றாள்.

செல்போன் விளக்கை வாய்க்குள் அடித்து, அவள் முகத்துக்கு நேரே ஆவென்று திறந்தேன். "பாரும்மா. பல்லு இருந்த ஓட்டை. வலியில தலைய ஆட்டுனேன். உன்கிட்ட ஒண்ணும் சொல்லல. மன்னிச்சிடு, எந்திரி."

அவள் ஓட்டையை வெகுநேரம் பார்த்தாள். "நாத்தமடிக்குதே" என்றாள். அதன் பிறகுதான் நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் விரல்களும் தப்பியிருக்கும் என்றார் டாக்டர். அந்த ஒரு நாள் என்னுடையது.

இப்போது கரியமாணிக்கத்தில் ஒருவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறாராம். முக்காலமும் தெரிகிறதாம். கூட்டம் அங்கே திரும்பிவிட்டது. போகிறவர்களைத் தடுக்க நான் யார்? காலில் விழுவதற்கு முன்னால், அவர் பெண்டாட்டியை மட்டும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.